கணிப்பொறியின் சூடு: திரையில் தெரியும் எண்ணை நம்பலாமா?

சிவகாசியில் வைகாசி வெயிலைப் பற்றி யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அச்சகங்களில் மின்விசிறி சுழற்றுவதே சூடான காற்றைத்தான். அந்த மாதங்களில்தான் தினசரி நாட்காட்டிகளின் வடிவமைப்பு வேலையும் மும்முரமாக நடக்கிறது. ஆடிப் பதினெட்டுக்கு மாதிரி ஆல்பம் வெளிவந்தாக வேண்டும் என்பது இவ்வூர் அச்சகத்தார் வழக்கம்.

அத்தகைய ஒரு நாளில், அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவரின் கணிப்பொறி பெரிய படங்களைத் திறக்கும்போதெல்லாம் நின்று நின்று போயிற்று. பழுது பார்க்க வந்த இளைஞர் ஒரு மென்பொருளை ஓட்டிக் காட்டினார். “92 டிகிரி காட்டுது பாருங்க அண்ணாச்சி. ப்ராசசர் போச்சு, மாத்திருங்க” என்றார். நண்பருக்கு ஐயம். அவருடைய மகன், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், வேறொரு மென்பொருளை ஓட்டினான். அது 72 என்றது. ஒரே செயலி, ஒரே நேரம். இரண்டு எண்களுக்கிடையே 20 டிகிரி வேறுபாடு! இவற்றுள் எது மெய்? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றால், நம் கணிப்பொறிகளில் வெப்பநிலை காட்டும் மென்பொருள்களைப் பற்றி ஒரு விமர்சனமே எழுத வேண்டியதாகிறது.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைக் காண்போம். செயலியின் சிலிக்கான் சில்லுக்குள் பாதரசம் ஏதும் இல்லை. அங்கே இருப்பது ஒரு சிறிய குறைகடத்திச் சந்தி. அதன் வழியே மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தினால், வெப்பநிலை 1 டிகிரி உயரும்போது அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. இந்தச் சிறு மாற்றத்தை அளந்து எண்ணாக மாற்றுவதே உணரியின் வேலை.

இன்டெல் நிறுவனத்தின் செயலிகளில் இந்த எண் நேரடியாக வெப்பநிலையைச் சொல்வதில்லை. “உச்ச வரம்பை எட்ட இன்னும் இத்தனை டிகிரி இருக்கிறது” என்று மட்டுமே சொல்கிறது. வரம்பு 100 என்றும் உணரி சொல்வது 40 என்றும் கொண்டால், மென்பொருள் கழித்துப் பார்த்து 60 என்று திரையில் எழுதுகிறது. வரம்பைத் தவறாக எடுத்துக்கொண்டால் விடையும் அதே அளவு தவறாகும் அன்றோ? இது வெறும் கற்பனை அன்று. கோர் 2 வகைச் செயலிகள் 2006-ஆம் ஆண்டு மேசைக் கணிப்பொறிகளுக்கு வந்தபோது, அவற்றின் வரம்பு எண் வெளியிடப்படவில்லை. மென்பொருள் எழுதியவர்கள் ஆளுக்கொரு வரம்பை ஊகித்துக்கொண்டார்கள். 2008-இல்தான் இன்டெல் அந்த எண்களை வெளியிட்டது. அதுவரை எத்தனையோ பேர் ஊகத்தை அளவீடு என்று நம்பிக் கொண்டிருந்தார்கள்.

நண்பருடைய கணிப்பொறியின் கதை வேறு. அதில் இருப்பது ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7 1800எக்ஸ். 2017-இல் இந்தச் செயலி வெளிவந்தபோது, விசிறிகளைக் கட்டுப்படுத்துவதற்கென ஓர் எண்ணை அது வெளியிட்டது. அந்த எண் உண்மையான சந்தி வெப்பநிலையைவிட 20 டிகிரி கூடுதல். பல வகைச் செயலிகளுக்கும் விசிறி ஒரே விதமாகச் சுழல வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது அது என்று அந்நிறுவனம் அவ்வாண்டே விளக்கியது. இளைஞரின் மென்பொருள் காட்டியது விசிறிக்கான எண். மாணவனின் மென்பொருள் 20-ஐக் கழித்துவிட்டது. இரண்டும் தத்தம் வழியில் சரியே. ஆனால் திரையில் இரண்டும் “வெப்பநிலை” என்ற ஒரே பெயரைச் சூடிக்கொண்டு நின்றன. குற்றம் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தாய்ப்பலகையில் உள்ள கண்காணிப்புச் சில்லுக்குப் பல உணரிகளை இணைக்கும் வசதி இருக்கும். தயாரிப்பாளர் சிலவற்றை மட்டுமே இணைத்திருப்பார். மென்பொருளோ எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்கும். ஒன்றுமே இணைக்காத இடத்தில் 127 டிகிரி என்று தோன்றக்கூடும். 8 இருமக் குறிகளில் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 127 என்பதை அறிந்தவர் சிரித்துவிட்டுப் போவார். அறியாதவர் அலறிப்போய்க் கடைக்கு ஓடுவார்.

எல்லா மென்பொருளையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமன்று. லினக்ஸ் இயங்குதளத்தில் ஏ.எம்.டி. செயலிகளைப் படிக்கும் இயக்கியின் விளக்கக் குறிப்பு, விசிறிக் கட்டுப்பாட்டுக்கான அந்த எண் ஒரு கற்பித அளவுகோலில் அமைந்தது என்றும், உண்மையான வெப்பநிலையைக் குறிப்பதன்று என்றும் ஒளிவு மறைவின்றிச் சொல்கிறது. சில பழைய செயலிகளின் உணரி நம்பத்தக்கதன்று என்று தெரிந்ததும், பயனர் வற்புறுத்தினாலொழிய அவற்றைப் படிக்கவே அந்த இயக்கி மறுக்கிறது. “எனக்குத் தெரியாது” என்று சொல்லத் தெரிந்த கருவியே நல்ல கருவி. வண்ண வண்ண முள்ளும் சிவப்புக் கட்டமும் காட்டும் மற்ற பல மென்பொருள்கள், தம் எண்ணில் எத்தனை டிகிரி பிழை இருக்கக்கூடும் என்பதை ஒரு மூலையில்கூட எழுதுவதில்லை.

இங்கே மாணவர்கள் ஒரு வேறுபாட்டை நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நுணுக்கமாகக் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. சந்தையில் ஒரு தராசு எப்போது நிறுத்தாலும் 50 கிராம் கூட்டியே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து முறை நிறுத்தாலும் ஒரே விடைதான். ஆயினும் பத்து முறையும் வாங்குபவருக்கு நட்டமே! திரையில் 61.5 என்று பதின்மப் புள்ளியோடு தோன்றுவதால் மட்டும் ஓர் எண் உண்மையாகிவிடாது.

அரசின் கருவிகளுக்கும் இது நேர்வதுண்டு. 2024-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள், தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி என்று காட்டியது. நாடெங்கும் அது தலைப்புச் செய்தி ஆயிற்று. அதே நாளில் நகரின் பிற நிலையங்கள் 45 முதல் 49 வரையே காட்டின. இந்திய வானிலைத் துறை தரமான கருவி ஒன்றை அங்கே கொண்டு சென்று ஒப்பிட்டுப் பார்த்தது. அந்த உணரி 3 டிகிரி கூட்டிக் காட்டுகிறது என்று தெரியவந்தது. லிபியாவில் 1922-இல் பதிவான 58 டிகிரி என்ற உலகச் சாதனையையும், 90 ஆண்டுகள் கழித்து 2012-இல் உலக வானிலை அமைப்பு செல்லாது என்று நீக்கியது. அண்டை நிலையங்களோடு ஒப்பிடுவது, தரமான கருவியோடு ஒப்பிடுவது ஆகிய இவ்விரண்டு வழிகளே எந்த உணரிக்கும் உரைகல்.

சிலர், “கையில் பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் சுட்டுப் பார்த்துவிடலாமே” என்பர். 2020-இல் கடை வாசல்தோறும் நம் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட அதே கருவிதான். செயலியின் மேலுள்ள அலுமினியத் தகட்டில் அதை நீட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். பளபளப்பான அலுமினியத்தின் உமிழ்திறன் மிகக் குறைவு, 0.1 அளவே. கருவியோ பொதுவாக 0.95 என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. ஆகவே சூடான தகட்டையும் குளிர்ந்ததாகக் காட்டும். தகட்டின் மேல் கருப்பு மின்காப்பு நாடாவை ஒட்டி, அது சூடேறிய பின் நாடாவைச் சுட்டுப் பார்த்தால் ஓரளவு மெய் தெரியும். அப்போதும் அது தகட்டின் வெப்பநிலையே தவிர, உள்ளே இருக்கும் சில்லின் வெப்பநிலை அன்று.

அப்படியானால் வீட்டிலும் பள்ளியிலும் நாம் செய்யக்கூடிய சோதனை என்ன? பெரிய செலவில்லாத நான்கைச் சொல்லலாம்.

முதலாவது, விடியற்காலைச் சோதனை. பள்ளி ஆய்வகத்து வெப்பமானியை நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த கலவையில் வைத்து, 0 காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு அதைக் கணிப்பொறியின் அருகே தொங்க விடுங்கள். இரவு முழுதும் அணைத்து வைத்த கணிப்பொறியைக் காலையில் இயக்கியவுடன் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நண்பர் வீட்டு மாணவன் இதைச் செய்தபோது அறை 28 டிகிரி இருந்தது. ஒரு மென்பொருள் 34 என்றது, மற்றது 54 என்றது. கைக்குத் தகடு குளிர்ந்தே இருந்தது. எதை நம்புவது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இரண்டாவது, இயற்கை விதிச் சோதனை. காற்றினால் குளிரூட்டப்படும் எந்தச் செயலியும் அறையின் காற்றைவிடக் குளிர்ந்திருக்க முடியாது. சிவகாசி மதியத்தில் அறை 38 இருக்க, செயலி 33 என்று எழுதினால் அந்த எண்ணைத் தள்ளிவிடலாம். பல உணரிகள் உச்ச வரம்பின் அருகிலேயே சரிசெய்யப்படுவதால், வரம்பிலிருந்து விலக விலக, அதாவது குளிர்ந்த நிலையில், பிழை மிகுதியாகும்.

மூன்றாவது, வேலைச் சோதனை. செயலிக்குக் கடுமையான கணக்கைக் கொடுத்தால் எண் ஏற வேண்டும். நிறுத்தினால் இறங்க வேண்டும். அசையாமல் நிற்கும் எண் செத்த எண்.

நான்காவது, கணக்குச் சோதனை. 95 வாட் வெப்பத்தை வெளிவிடும் செயலிக்கு, வாட் ஒன்றுக்கு 0.35 டிகிரி தடையுள்ள குளிர்விப்பான் இருந்தால், அறையைவிட 33 டிகிரி உயரும். அறை 38 எனில் விடை 71. அறை 10 டிகிரி ஏறினால் செயலியும் ஏறத்தாழ 10 டிகிரி ஏறியாக வேண்டும். காலையிலும் நண்பகலிலும், ஒரே வேலைக்கு ஒரே விசிறி வேகத்தில் ஒரே எண் வந்தால் ஐயுறுங்கள்.

நண்பரின் கணிப்பொறி 72 டிகிரியில் நலமாகவே இருந்தது. நினைவகம் போதாமையே கோளாறுக்குக் காரணம். அதைக் கூட்டியதும் படங்கள் தடையின்றித் திறந்தன. ஒரு செயலியின் விலை மிஞ்சிற்று. அந்த இளைஞரையும் நாம் பழிக்க வேண்டியதில்லை. அவர் பொய் சொல்லவில்லை. எண்ணைக் கேள்வி கேட்க அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. வெப்பமானியைப் படிக்கச் சொல்லித் தரும் நம் பாடங்கள், வெப்பமானியைச் சோதிக்கவும் சொல்லித் தருவது எப்போது?

விருதுநகர் வட்டாரத்துக்கு இக்கேள்வி வெறும் கணிப்பொறிக் கேள்வி அன்று. பட்டாசுக்குப் பயன்படும் அலுமினியத் தூளில் ஈரம் பட்டால், அது நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிட்டுத் தானாகவே சூடேறக்கூடும். சுவரில் தொங்கும் வெப்பமானி 35 என்று சொல்லும். அது சுவரோரக் காற்றின் வெப்பநிலை. குவியலின் உள்ளே நடப்பதை அது அறியாது. கணிப்பொறியில் தவறான எண் பணத்தைப் பறிக்கும். கலவை அறையில் தவறான நம்பிக்கை உயிரையே பறிக்கும்.

எனவே எந்த எண்ணைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். இது எந்த இடத்தின் வெப்பநிலை? எதிலிருந்து கணக்கிடப்பட்டது? கடைசியாக எதனோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது? விடை கிடைக்காத எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். அதை நம்பி அலட்சியமாக இருக்கவும் வேண்டாம்.