ஜாசினிலிருந்து அசாஹான் வரை: ஒரு சைக்கிள் பாதை தேறுமா?

மலை, ஏரி, ஓடை, நீராற்றல் மரபு ஆகிய நான்கையும் மலாக்கா மாநிலத்தில் ஒரே நாளில் சைக்கிளில் பார்த்துவிட முடியுமா? முதல் மூன்றுக்குத் தயங்காமல் முடியும் என்பேன். நான்காவதில்தான் வழக்கு இருக்கிறது.

மலாக்கா ஆற்றங்கரையில் 13 மீட்டர் உயரத்துக்கு ஒரு நீர்ச்சக்கரம் நிற்கிறது. பயணத்தை அங்கே தொடங்கலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுல்தான்கள் காலத்தை நினைவூட்ட நம் காலத்தில் கட்டிவைத்த மாதிரி அது. அதை நம்பி எந்த வயலும் விளைந்ததில்லை. அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானில் ஓடையின் வேகத்திலேயே சுழன்று, மூங்கில் குழாய்களில் தண்ணீரை மொண்டு நெல்வயலுக்கு ஊற்றிய சக்கரங்கள் இருந்தன. மரபு என்று சொல்ல அவற்றுக்குத் தகுதி உண்டு.

மின்சாரம் என்று பார்த்தாலும் மலாக்காவின் கை வெறுங்கைதான். பகாங்கில், ராவுப் தங்கச் சுரங்கத்துக்காக 1900-லேயே செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் எழுந்தது. பேராக்கில் ஈயக் கப்பல்களை ஓட்டச் செண்டரோ அணை 1930-ல் வந்தது. நீலகிரியில் பைக்காரா 1932-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. இந்த வரிசையில் சேர உயரமும் வேண்டும், வற்றாத நீரோட்டமும் வேண்டும். இந்தப் பாதையின் மலையான குனோங் லேடாங் 1,276 மீட்டர் உயரம்தான். ஆனால் சிகரம் ஜோகூரில் இருக்கிறது. அசாஹான் பக்கம் இறங்குபவை சிற்றோடைகள். குளிக்க அருமையான அருவி தருகின்றன, குடிக்கத் தண்ணீர் தருகின்றன, அவ்வளவுதான்.

அந்தக் குடிதண்ணீரை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மலாக்காவுக்கு நீண்டகாலமாகத் தண்ணீர் கொடுத்துவரும் தேக்கங்கள் டுரியான் துங்கல், ஜூஸ், அசாஹான். மூன்றில் அசாஹான்தான் மிகச் சிறியது, மலையடிவாரத்தில் ஓடைநீரைப் பிடித்துவைப்பது. 1991 வறட்சியில் டுரியான் துங்கல் வற்றிப்போனதை இங்குள்ள பெரியவர்கள் மறக்கவில்லை. வாளியும் தோம்புமாகத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த காலம் அது. ஜூஸ் அணை அதற்குப் பிறகு வந்தது. அப்படியும் 2020 தொடக்கத்தில் மறுபடி பங்கீடு போட வேண்டியதாயிற்று. இன்றும் ஜோகூரின் மூவார் ஆற்றிலிருந்து தண்ணீர் வாங்கித்தான் மாநிலம் சமாளிக்கிறது. ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தி அழகை ரசிக்கிறவருக்கு இந்தக் கதை தெரியவில்லை என்றால் அவர் பார்த்தது பாதிதான்.

மீதிப் பாதி தோட்டத்தில் கிடக்கிறது. டான் சாய் யான் 1896-ல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அடுத்த சில ஆண்டுகளில் புக்கிட் அசாஹானில் பெரிய அளவில் நட்டார். மலாயாவின் ரப்பர் வணிகம் அங்கேதான் வேர் பிடித்தது. ரப்பர் என்றதும் எல்லோருக்கும் மரமும் உளியும் ஞாபகம் வரும், தண்ணீர் வராது. வெட்டு முடிந்து தமிழ்ப் பெண்களும் ஆண்களும் வாளியில் சுமந்து வந்த பால், ஸ்டோரில் தண்ணீர் கலந்து நீர்க்கப்படும். அமிலம் விட்டால் உறையும். உறைந்த கட்டியை உருளைகளுக்கிடையே தள்ளித் தள்ளித் தகடாக்கும்போது மேலே தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். கழுவல் குறைந்தால் சீட்டு கெட்டுப்போகும். கடைசி உருளையின் வரிகள் பதிந்த பிறகே அது புகைக்கூண்டுக்குப் போகும். நல்ல தண்ணீர் இல்லாத ஸ்டோரில் நல்ல ரப்பர் வராது. லயத்து மக்கள் பொதுக்குழாயடியில் வரிசை நின்றார்கள் என்பதையும் இதன் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். இதே புக்கிட் அசாஹான் தொழிலாளர்கள்தான் 1967-ல் தங்கள் குறையைச் சொல்லக் கோலாலம்பூருக்கு நடந்தே போனவர்கள். ஒரு நாள் சைக்கிள் மிதித்துக் களைத்தவருக்கு அந்த நடையின் தூரம் உடம்பில் உறைக்கும். பஸ்ஸில் போகிறவருக்கு உறைக்காது. சைக்கிளுக்கு ஆதரவாக என்னிடம் உள்ள வலுவான வாதம் இதுதான்.

இன்று சடக்கின் இருபுறமும் செம்பனை. பழக்குலை லாரிகள் உரசிக்கொண்டு போகும். ஒருவர் பின் ஒருவராகத்தான் மிதிக்க வேண்டும். ஆனால் நான் தேடிய நீராற்றல் செம்பனையில்தான் கிடைத்தது. ஆலையில் பழத்தின் நாரையும் ஓட்டையும் எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறார்கள். அந்த நீராவி சுழலியைச் சுற்றி ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, போகிற வழியில் பழக்குலைகளையும் வேகவைக்கிறது. ஒரு டன் எண்ணெய்க்கு 5 முதல் 7.5 டன் வரை தண்ணீர் செலவாகும். அதில் பாதிக்குமேல் கழிவுநீராக வெளியேறும். அந்தக் கழிவுநீரைக் குளங்களில் நிறுத்திச் சுத்தம் செய்யாமல் விட்டால் ஓடை செத்துப்போகும். நதியோரச் சக்கரம் சொல்லாத உண்மை இது: தண்ணீரிடம் வேலை வாங்கினால் தண்ணீருக்கும் ஒரு விலை உண்டு.

என் தீர்ப்புக்கு வருகிறேன். நகரிலிருந்து கிளம்பி ஆயர் குரோ, டுரியான் துங்கல், ஜாசின், அசாஹான் என்று சுற்றினால், போய்வரக் குறைந்தது 100 கிலோமீட்டர் ஆகும். நம் வெயிலுக்கு அது பந்தய வீரர்களின் கணக்கு. ஆயர் குரோ ஏரி பூங்காவாக நன்றாயிருக்கிறது. குடும்பத்தோடு தனியாகப் போய் வரலாம். டுரியான் துங்கலை விடுவதுதான் எனக்குக் கஷ்டம். 1991-ன் கதை அங்கேதான் இருக்கிறது, அதை வேறெங்கும் நின்று அதே கனத்தோடு சொல்ல முடியாது. ஆனாலும் விட்டுவிடச் சொல்வேன். ஜாசினில் பசியாறிவிட்டு விடிந்ததும் கிளம்பி, சுமார் 25 கிலோமீட்டர் தோட்டச் சடக்குகளில் மிதித்து அசாஹான் அருவியில் முடிப்பதே சரியான பாதை. மதிய மழைக்கு முன் ஓடையைவிட்டு ஏறிவிட வேண்டும். மலைமேல் பெய்தால் அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் இறங்கிவிடும்.

இந்தப் பாதைக்கு என் ஆதரவு ஒரு நிபந்தனையோடுதான். தோட்டத்தைவிட்டு வெளியேறி ஜாசின், மெர்லிமாவ் தாமான்களில் குடியிருக்கும் முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளர்களில் ஒருவர், முறையான சம்பளத்துக்கு, வழிகாட்டியாகக் கூட வர வேண்டும். எந்த ஓடையில் ஸ்டோர் நின்றது, எந்தக் குழாயடியில் வரிசை நின்றது என்று கைநீட்டிக் காட்ட அவர்களால்தான் முடியும். அவர்கள் இல்லையென்றால் சைக்கிளை எடுக்க வேண்டாம். காடியிலேயே அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம்.