ஜென்டூ: ஓடும் எழுத்தை விடுங்கள், பட்டியலைப் படியுங்கள்

2013-இல் மலேசியப் பள்ளிகளுக்குக் கூகுளின் குரோம்புக் வரத் தொடங்கியபோது, அதற்குள் என்ன ஓடுகிறது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. குரோம் ஓஎஸ்ஸைக் கட்டக் கூகுள் எடுத்துக்கொண்டது, ஜென்டூ லினக்ஸின் போர்ட்டேஜ் என்ற கருவியை. பேராக்கின் ஏதோ ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அந்தக் கணினியைத் தட்டிப் பார்த்த பிள்ளைக்கு, பெயர் தெரியாமலே ஜென்டூவோடு தூரத்து உறவு உண்டு.

டேனியல் ராபின்ஸ் 1999-இல் எனோக் என்ற பெயரில் தொடங்கிய வேலைதான் ஜென்டூ. பெயர் மாறி, 2002 மார்ச்சில் ஜென்டூ 1.0 வந்தது. மற்ற லினக்ஸ்களில் நிரல்கள் சமைத்து முடித்த நிலையில் வந்திறங்கும். ஜென்டூவில் மூலநிரல் வரும். அதை உங்கள் கணினியே, தன் உடம்புக்கு ஏற்றபடி கம்பைல் செய்துகொள்ளும். அதனால் வேகம் பிய்த்துக்கொண்டு போகும் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி இறங்காதீர்கள். இன்றைய கணினியில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம். கம்பைலுக்குப் போகும் மணிநேரங்களோ நன்றாகவே தெரியும்.

ஜென்டூவைப் புதிதாகப் போடுபவர்கள் கருப்புத் திரையில் எழுத்து சரசரவென்று ஓடுவதைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார்கள். என்னைக் கேட்டால், அதில் ரசிக்க ஒன்றுமில்லை. ரசனை அதற்கு ஒரு நிமிடம் முன்னால் இருக்கிறது. நிரல்களை நிறுவும் எமெர்ஜ் கட்டளையோடு, நிறுவாமல் விவரமாகக் காட்டு என்பதற்கான 'பிவி' என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால், என்னென்ன வரப்போகிறது என்று ஒரு பட்டியல் விழும். புதிதாக வருவதற்கு ஒரு குறி, மேம்படுத்தலுக்கு ஒரு குறி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் யூஸ் ஃப்ளாக் வரிசை, அதாவது எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்ற தேர்வுகள்: சிவப்பில் இருப்பது உண்டு, கழித்தல் குறியோடு நீலத்தில் இருப்பது இல்லை. ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்கும்போது, கட்டி வைத்த பொட்டலத்தையும் எடுக்கலாம். "முறுக்கு வேணாம்ண்ணே, கடலை கூடப் போடுங்க" என்று கலக்கவும் சொல்லலாம். யூஸ் ஃப்ளாக் இரண்டாவது வகை.

ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் பிரிண்டர் இல்லையென்றால், மேக் கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் 'கப்ஸ்' என்ற அச்சு ஃப்ளாக்கை அணைத்துவிட்டு மறுபடி பட்டியலைக் கேளுங்கள். சிவப்பாக இருந்த சில இடங்கள் நீலமாகும். சில நிரல்கள், அது இல்லாமல் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கலாம். யாருக்கு யார் தேவை என்ற வீட்டு விவகாரம் அப்போது வெளியே வரும். ஆயத்த லினக்ஸில் இந்த முடிவுகளையெல்லாம் வேறொருவர் நமக்காக எடுத்திருப்பார். எடுத்தார் என்பதுகூட நமக்குத் தெரியாது.

தமிழ் வாசகர் அவசியம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எழுத்தின் கோட்டுருவத்தைத் திரைப் புள்ளிகளாக்குவது ஃப்ரீடைப். 'கொ' என்று எழுதினால் ஒற்றைக்கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும் என்று அறிந்து அடுக்குவது ஹார்ஃப்பஸ். பல ஆண்டுகளாக ஜென்டூ புதியவர்களை மிரட்டிய முடிச்சு இந்த இரண்டுக்கும் நடுவில்தான்: ஹார்ஃப்பஸ்ஸுக்கு ஃப்ரீடைப் வேண்டும், ஃப்ரீடைப்புக்கு ஹார்ஃப்பஸ் வேண்டும். போர்ட்டேஜ் கையை விரித்துவிடும். வழி எளிது: ஹார்ஃப்பஸ் ஃப்ளாக்கை அணைத்து ஃப்ரீடைப்பை ஒருமுறை கட்டுங்கள், பிறகு ஹார்ஃப்பஸ்ஸைக் கட்டுங்கள், பிறகு ஃப்ளாக்கைப் போட்டு ஃப்ரீடைப்பை மறுபடி கட்டுங்கள். பிழைச்செய்தியைக் கண்டு பயந்து மூடாமல், அதை ஒரு விளக்கமாகப் படிக்கப் பழக இதைவிட நல்ல பாடம் இல்லை.

லினக்ஸின் மையமான கெர்னலை அமைக்கும் மெனுவிலும் கொஞ்சம் உலாவுங்கள். அமிகா, அட்டாரி என்று அப்பா காலத்துக் கணினிகளின் வட்டு முறைகள்கூட அங்கே கிடக்கும். உங்களுக்கு எது வேண்டும் என்று 'எல்எஸ்பிசிஐ கே' கட்டளை சொல்லும். சலித்துவிட்டால் ஆயத்த அமைப்போடு வரும் கெர்னலைப் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

பொறுமை பற்றியும் சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர்த் தோட்டமாக இருந்து தாமானாகிவிட்ட இடத்தில் என் அக்கா மகன் ஒரு பழைய மடிக்கணினியில் ஜென்டூ போட்டான். பால் மரம் வெட்டிய அவன் பாட்டி இரவு எழுந்து வந்து பார்த்தார்.

"என்னய்யா இது, விடிய விடிய ஓடுது?"

"பிரவுசர் கட்டுது பாட்டி."

"கடையில ரெடியா கெடைக்காதா?"

"கெடைக்கும் பாட்டி."

"அப்புறம் எதுக்கு கரண்ட கொல்ற?"

பாட்டியின் கேள்வி நியாயமானது. 2023 டிசம்பரில் ஜென்டூவே ஆயத்தப் பொதிகளைத் தாராளமாகத் தரத் தொடங்கிவிட்டது. பிரவுசர், அலுவலகத் தொகுப்பு, ரஸ்ட் மொழிக் கருவி போன்ற பூதங்களை ஆயத்தமாக எடுத்துக்கொண்டு, ஃப்ளாக் மாற்றிப் பார்க்க ஆசையுள்ளவற்றை மட்டும் கட்டுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை கம்பைல் வேலை ஓடலாம் என்பதற்கு, வேலைக்கு 2 ஜிபி ரேம் என்பது கையேட்டுக் கணக்கு. 8 ஜிபி இருந்தால் நான்குக்கு மேல் போகாதீர்கள். பிற்பகல் இடிமழையில் கரண்ட் போனால் பதறவும் வேண்டாம். எமெர்ஜுக்கு 'ரெஸ்யூம்' என்று சொன்னால், முடித்தவற்றை விட்டுவிட்டு அறுந்த பொதியிலிருந்து தொடரும்.

கடைசியாக, கணினியின் மொழியையும் வட்டார வழக்கையும் சொல்லும் லோகேலை அமைக்கும் கட்டம். நிறையப் பேர் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். மலேசியத் தமிழர் தாண்டக் கூடாது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் தமிழுக்கு இரண்டு லோகேல்கள்தான்: இந்தியா, இலங்கை. மலேசியாவுக்கு மலாய் உண்டு, தமிழ் இல்லை. இந்தியத் தமிழைத் தேர்ந்தால் கணினி ரூபாயில் பேசும். பணத்துக்கு மட்டும் மலேசிய மலாய் லோகேலைக் காட்டினால் ரிங்கிட் வந்துவிடும்; எல்லாரும் செய்யும் ஒட்டுவேலை அது. ஆனால் லோகேல் என்பது சி நிரல் அல்ல, வெறும் உரைக் கோப்பு. மாதப் பெயர், கிழமை, நாணயம், தேதி முறை, இப்படிப்பட்டவை. பொதுவான பகுதிகளை இந்தியத் தமிழ்க் கோப்பிலிருந்து 'காப்பி' என்ற ஒரே வரியில் எடுத்துக்கொள்ளலாம். ஜென்டூவில் இந்தப் புதிய லோகேலைப் பேட்ச்சாக, அதாவது மாற்றங்களைச் சொல்லும் கோப்பாக எழுதி அதற்குரிய கோப்புறையில் போட்டால், ஜிலிப்சியைக் கட்டும்போது போர்ட்டேஜ் தானே சேர்த்துக்கொள்ளும். உங்கள் கணினியில் சரியாக ஓடினால், ஜிலிப்சி குழுவுக்கே அனுப்புங்கள். ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ இருக்கும் ஒரு மாணவர் பள்ளி விடுமுறையில் முடித்துவிடக்கூடிய வேலை; யாராவது ஒருவர் உட்கார வேண்டும்.