மெல்லிய காற்றுக்கு ஒரு டைமிங்

புறப்படும் முன் செய்யும் ரன்-அப் சோதனையில் இக்னிஷன் சாவியை ஒரு பக்கமாகத் திருப்பியதும் ஆர்.பி.எம். முள் சற்றே சரியுமே, அந்தச் சரிவுக்காகவே சின்ன விமானங்களை நேசிப்பவன் நான். டேக்-ஆஃபை ரசிப்பவர்கள் நிறைய. லேண்டிங்கைப் பற்றியே மணிக்கணக்காகப் பேசுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சரிவு போதும். செஸ்னா 152 என்றால் 1,700-இல் நிறுத்திப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கமும் 125-க்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. விதி அவ்வளவுதான். ரசனை அதற்குப் பிறகு தொடங்குகிறது. பேட்டரியின்றித் தானே பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களில் ஒன்று அணைந்து, அதன் பிளக் ஓய்ந்ததும் சிலிண்டருக்குள் தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துணையின்றிப் போக வேண்டியிருக்கிறது. எரிந்து முடியத் தாமதமாகிறது, இன்ஜின் சத்தம் லேசாகத் தடிக்கிறது, வெளியேறும் புகையின் வெப்பமான ஈ.ஜி.டி. ஏறுகிறது. என்னைப் பழக்கிய ஆசிரியர் கண்ணை மூடச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்புவார். எந்தப் பக்கம் அணைந்தது என்று காதால் சொல்ல வேண்டும்.

ஒரு மேக்னெட்டோவைக் கழற்றி, அந்த இடத்தில் எலக்ட்ரானிக் இக்னிஷன் பூட்டிய லைகமிங் இன்ஜினில் இந்தச் சரிவுக்கு இன்னொரு சுவை கூடுகிறது. எலக்ட்ரானிக்கை அணைத்து மேக்னெட்டோவை மட்டும் விட்டால் பழைய அளவுக்கு இறங்கும். மாற்றிச் செய்தால் முள் அசைந்ததா என்றே சந்தேகம் வரும். 1,700-இல் த்ராட்டில் பாதிக்கும் கீழே இருப்பதால் மேனிஃபோல்ட் பிரஷர் குறைவு. எலக்ட்ரானிக் அதை உணர்ந்து தீப்பொறியை முன்கூட்டியே விடுகிறது. மேக்னெட்டோவோ தன் 25 டிகிரியை விட்டு அசையாது. ஆகவே பழைய 50 கணக்கு இங்கே செல்லாது.

கொல்லிமலையில் கார் ஏற்றியவர்களுக்குச் சுமைக்கேற்ப டைமிங் மாறுவது புதிதல்ல. காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த நாளில் அம்பாசிடரில் போனால், லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் இருக்கும் வேக்குவம் டப்பி ஒவ்வொரு வளைவிலும் வேலை செய்யும்: மிதித்தால் டைமிங் பின்வாங்கும், விட்டால் முன்னேறும். பாடியில் லூகாஸ் டிவிஎஸ் இவற்றைச் செய்து கொடுத்த காலத்தில், வானத்தில் பறந்த இன்ஜின்கள் ஒரே கோணத்தில் உறைந்து கிடந்தன. டாக்ஸிக்குக் கிடைத்த இந்த வசதி விமானத்துக்கு வந்துசேர இத்தனை காலம் ஆனதே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

அம்பாசிடருக்குச் சுமை தெரியும், உயரம் தெரியாது. எலக்ட்ரானிக்குக்கு இரண்டும் தெரியும். கமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் சுமார் 1,000 அடியில் இருக்கிறது. கொல்லிமலை 1,300 மீட்டர்வரை எழுகிறது. தாராளமாக இடம் விட்டு 6,500 அடியில் கடப்பதாக வையுங்கள். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் வீதம் மேனிஃபோல்ட் பிரஷர் குறைந்துகொண்டே வரும். காற்று மெலிந்தால் கலவை நிதானமாக எரியும். நிதானமாக எரிவதை முன்னதாகவே பற்றவைக்க வேண்டும். புறப்படும்போது முழு த்ராட்டிலில் மேக்னெட்டோவோடு ஒத்துப்போன எலக்ட்ரானிக், மலைக்கு மேலே 30 டிகிரியைத் தாண்டிப் போய்விடுகிறது. சுலபமாக ஸ்டார்ட் ஆகிறது, பெட்ரோல் மிச்சம் என்று இதைப் புகழ்கிறவர்கள் சின்ன காரணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேக்னெட்டோவை விட மனமில்லாதவர்களை எனக்குப் புரிகிறது. எச்.ஏ.எல். செய்த புஷ்பக் 1958-இல் முதலில் பறந்தது. 90 குதிரைத்திறன் கான்டினென்டல் இன்ஜின், ஸ்டார்ட்டர் கிடையாது, புரொபெல்லரைக் கையால் சுழற்ற வேண்டும். பேட்டரியை நம்பாமல் பறந்த விமானம் அது. அந்தத் தன்னிறைவுக்கு ஈடில்லை. ஆனால் பாயிண்ட் தேய்கிறது, கேம் ஃபாலோயர் தேய்கிறது, தேயத் தேய டைமிங் நகர்கிறது. 500 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். அதனால் ஒரு பக்கம் மேக்னெட்டோ, மறுபக்கம் எலக்ட்ரானிக் என்பதே என் கட்சி.

இரண்டு பக்கமும் எலக்ட்ரானிக் வேண்டும் என்பவர்கள் நம் ஹன்சா-3 விமானத்தைக் காட்டுவார்கள். அதன் ரோட்டாக்ஸ் 914-இல் இரண்டு தனித்தனிச் சுற்றுகள். ஃப்ளைவீலோடு இருக்கும் காயில்களிலிருந்தே மின்சாரம், பேட்டரி தேவையில்லை. 4,000-இல் சோதிப்பார்கள், 300-க்கு மேல் இறங்கக் கூடாது. நல்ல இன்ஜின்தான். ஆனால் ஸ்டார்ட் ஆனதும் அதன் டைமிங் ஒரே கோணத்துக்குத் தாவி அங்கேயே நின்றுவிடுகிறது. டைமிங்கில் மெலிந்த காற்றுக்கென்று தனி ஏற்பாடு இல்லை. 2021 செப்டம்பரில் பறந்த ஹன்சா-என்ஜியின் 912 ஐஎஸ் அந்தக் குறையைத் தீர்த்தது. என் கட்சிக்கு மெய்யான போட்டி அதுதான்.

வருத்தமெல்லாம் ரன்-அப் நடக்கும் விதத்தில். சாவியை டக் டக் என்று திருப்பி, திரையில் எண் மாறுவதற்குள் ‘போத்’துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். முள் நிலைகொள்ளும்வரை யாரும் நிற்பதில்லை. இறக்கமே இல்லை என்றால் சந்தோஷப்படுகிறார்கள். மேக்னெட்டோ பக்கத்தை அணைத்தும் துளி அசைவில்லை, சத்தமும் மாறவில்லை என்றால் அதை அணைக்கும் கம்பியான பி-லீட் அறுந்திருக்கலாம். அப்புறம் ஷெட்டில் ஒருவர் சும்மா புரொபெல்லரைத் தள்ளினாலே இன்ஜின் உயிர் பெற்றுவிடலாம். ஆனால் கலப்பு இன்ஜினில் அதே அசைவின்மைக்கு எலக்ட்ரானிக் ஒழுங்காக இருப்பதும் காரணமாகலாம். ஆகவே கலப்பு இன்ஜின் வைத்திருப்பவர்கள் செக்லிஸ்டில் பொதுவாக ‘டிராப் சரி’ என்று குறிக்காமல், மேக்னெட்டோ மட்டும் எவ்வளவு, எலக்ட்ரானிக் மட்டும் எவ்வளவு என்று இரண்டு எண்களை ஒவ்வொரு முறையும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும்.