விதிவிலக்காக இருக்க மறுத்தவர்: ஷோன்பெர்க்கின் கடிதங்கள்

ஆர்னால்ட் ஷோன்பெர்க்கின் இசையைப் போட்டால் என் நண்பர்களில் பாதிப்பேர் ஒரே நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிடுவார்கள். மீதிப்பேர் மரியாதைக்காக இன்னும் இரண்டு நிமிடம் கேட்பார்கள். மேற்கத்திய செவ்வியல் இசையை உடைத்துப் போட்டவர் என்றே அவர் பெயர் நின்றுவிட்டது. ஆனால் அவருடைய கடிதங்களை வாசிக்கும்போது வேறொரு ஆள் எதிரே வந்து உட்காருகிறார். ஒரு மரபுக்குள் முழு உரிமையோடு இருக்க விரும்பியவர் அவர். ‘உங்களுக்கு மட்டும் அனுமதி’ என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுகிறவர்.

அவருடைய மாணவர் எர்வின் ஸ்டைன் தேர்ந்து தொகுத்த கடிதங்கள் 1958இல் ஜெர்மனிலும் 1964இல் ஆங்கிலத்திலும் வந்தன. பதிப்பாளர்களுக்கு, இசை நடத்துநர்களுக்கு, மாணவர்களுக்கு, பகைவர்களுக்கு என்று எல்லோருக்கும் எழுதியிருக்கிறார். பல கடிதங்கள் வெறும் பணத் தகராறுதான். அவற்றைத் தாண்டி, இந்த மனிதரைப் புரிந்துகொள்ள நான் திரும்பத் திரும்பப் போவது ஓவியர் கண்டின்ஸ்கிக்கு 1923இல் எழுதிய இரண்டு கடிதங்களிடம்.

பின்னணி இது. 1911 ஜனவரியில் மியூனிக்கில் ஷோன்பெர்க்கின் இசை நிகழ்ச்சியைக் கேட்ட கண்டின்ஸ்கி, அறிமுகமே இல்லாமல் அவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கச்சேரியை ஓர் ஓவியமாகவும் வரைந்தார். நட்பு வளர்ந்தது. ஷோன்பெர்க்கின் ஓவியங்கள் ‘நீலக் குதிரைவீரன்’ குழுவின் கண்காட்சியில் இடம்பெற்றன. பிறகு உலகப் போர் இருவரையும் பிரித்தது.

வியன்னாவில் யூதக் குடும்பத்தில் 1874இல் பிறந்த ஷோன்பெர்க், 1898இலேயே புராட்டஸ்டண்ட் கிறித்தவராக மதம் மாறியிருந்தார். அது அவரைக் காப்பாற்றவில்லை. 1921 கோடையில் இசையமைப்பதற்காக மாட்ஸே என்ற ஆஸ்திரிய ஊருக்குப் போனார். யூதர்கள் ஊரில் தங்கக் கூடாது என்ற நெருக்கடி வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

இந்தக் காயம் ஆறாத நிலையில்தான் 1923 வசந்தத்தில் கண்டின்ஸ்கியின் அழைப்பு வருகிறது. அவர் அப்போது வைமாரில் பௌஹவுஸ் கலைப்பள்ளியின் ஆசிரியர். அங்குள்ள இசைப்பள்ளியின் தலைமைப் பொறுப்புக்கு வர முடியுமா என்று கேட்கிறார். ஆனால் பௌஹவுஸ் வட்டாரத்தில் யூத வெறுப்புப் பேச்சு உண்டு, கண்டின்ஸ்கியும் அதில் சேர்த்தி என்று ஷோன்பெர்க் காதுக்குச் செய்தி வந்திருந்தது. மறுத்து எழுதுகிறார். அதிர்ந்துபோன கண்டின்ஸ்கி, உங்களை மனிதராகவும் கலைஞராகவும் நேசிக்கிறேனே என்று பதில் போடுகிறார்.

‘நீங்க அப்படி இல்லைங்க, நான் மத்தவங்களைச் சொன்னேன்’ என்ற தொனி நமக்கும் தெரிந்ததுதான். சாதியைப் பற்றிப் பேச்சு வரும்போது பாராட்டு மாதிரியே வந்து விழும் வாக்கியம் அது. பலரும் அதற்கு லேசாகச் சிரித்துவிட்டு டீயைக் குடிப்போம்.

ஷோன்பெர்க் சிரிக்கவில்லை. மே 4 தேதியிட்ட நீண்ட கடிதத்தில் அவர் வைக்கும் வாதம் மிக எளிமையானது. தெருவில் நடக்கும்போது எதிரே வருகிறவன் நான் யூதனா என்றுதான் பார்க்கிறான். கண்டின்ஸ்கியும் இன்னும் சிலரும் விதிவிலக்கு தந்திருக்கும் ஆள் நான்தான் என்று ஒவ்வொருவரிடமும் நின்று விளக்க முடியுமா? ஹிட்லர் அந்த விதிவிலக்கை ஏற்கமாட்டாரே என்றும் சேர்த்துக்கொள்கிறார். இந்த வெறுப்பு வன்முறையில் போய் முடியாமல் வேறு எதில் முடியும் என்று கேட்கிறார். மியூனிக் கலகத்துக்கு ஆறு மாதம் முன்பு, ஆட்சி மாற்றத்துக்குப் பத்தாண்டு முன்பு எழுதப்பட்ட கடிதம் இது. இதை ஆரூடமாக வாசிக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு விலக்கின் தர்க்கத்தை அதன் கடைசிப் படி வரை நடந்து பார்க்கிற பிடிவாதம்தான் இதன் பலம்.

அதே ஆண்டுகளில்தான் பன்னிரு சுர முறை உருவாகிறது. ஸட்ஜம் மாதிரி ஒரு சுரம் வீடாக இருக்க, மற்றவை அதைச் சுற்றி வாழ்கிற ஏற்பாடு அதில் இல்லை. பன்னிரண்டும் ஒரு வரிசையில் நிற்கும். எதற்கும் தனிச் சலுகை கிடையாது. கடிதத்தையும் இசையையும் இப்படி முடிச்சுப்போடும் ஆசை வருகிறது. ஆனால் அது சரிப்படாது. இந்தக் கண்டுபிடிப்பால் ஜெர்மன் இசையின் மேலாண்மை இன்னும் நூறாண்டுக்கு உறுதியாகிவிட்டது என்று அவர் பெருமைப்பட்டதாக மாணவர் யோசெஃப் ரூஃபர் பதிவு செய்திருக்கிறார். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர் அந்த ஊரின் மரபுக்கே வாரிசுரிமை கோருகிறார். இந்த முரணைச் சமன்செய்துவிட்டால் ஷோன்பெர்க் காணாமல் போய்விடுவார்.

1925இல் பெர்லினில் பிரஷ்யக் கலை அகாதமியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1933 பிப்ரவரியில், ஹிட்லர் பதவியேற்ற சில நாட்களில், பிராம்ஸ் எப்படி ஒரு முற்போக்காளர் என்று வானொலியில் உரையாற்றுகிறார். மே மாதம் பெர்லினைவிட்டு வெளியேறுகிறார். ஜூலையில், பாரிஸில், முறைப்படி மீண்டும் யூத மதத்துக்குத் திரும்புகிறார்.

அமெரிக்காவில் 1936 முதல் 1944 வரை லாஸ் ஏஞ்சலஸின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ‘உடைத்தவர்’ அங்கே பன்னிரு சுரப் பிரச்சாரம் செய்யவில்லை. ஹார்மனி, கவுண்டர்பாயிண்ட், பீத்தோவன், பிராம்ஸ் என்று அடிப்படைப் பாடங்களையே எடுத்தார். ஆரம்ப மாணவர்களுக்குப் பாடநூல் எழுதினார். 70 வயதில் ஓய்வுபெற்றபோது ஓய்வூதியம் சொற்பம், வீட்டில் மூன்று பிள்ளைகள். ‘மோசஸும் ஆரோனும்’ ஓபராவை முடிக்க 1945இல் குகன்ஹைம் நிதிக்கு விண்ணப்பிக்கிறார், நிராகரிக்கப்படுகிறது. மூன்றாம் அங்கத்துக்கு வசனம் உண்டு, இசை கடைசிவரை வரவே இல்லை. 1951இல் இறந்தார்.

அவரைப் புனிதராக்கவும் கடிதங்கள் விடுவதில்லை. ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ நாவலில் பன்னிரு சுர முறையைக் கற்பனை நாயகனுக்குக் கொடுத்துவிட்டார் என்று தாமஸ் மன்னோடு பெரிய சண்டை. நாவலின் இறுதியில் ஒரு குறிப்பு சேர்க்கப்பட்டது. அதில் தன்னை ‘சமகால இசையமைப்பாளர்’ என்று குறித்தது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. யார் யாருக்குச் சமகாலத்தவர் என்பதைக் காலம் சொல்லும் என்ற பாணியில் பதிலடி. சந்தேகம், அகங்காரம், தொட்டதற்கெல்லாம் கணக்கு. படிக்கவே களைப்பாக இருக்கும்.

ஆனால் 1923இல் நட்பைப் பணயம் வைத்து ‘எனக்கு மட்டும் வேண்டாம்’ என்று எழுதியதும் இதே பிடிவாதம்தான். நல்ல குணத்தை மட்டும் வெட்டியெடுத்து வைத்துக்கொள்ள முடியாது. கண்டின்ஸ்கியும் அவரும் 1927இல் ஓர் ஏரிக்கரையில் மீண்டும் சந்தித்தார்கள், புகைப்படம் இருக்கிறது. உறவு ஓரளவு ஒட்டிக்கொண்டது. அந்தக் கேள்வி மட்டும் பதில் கிடைக்காமல் அப்படியே கிடக்கிறது: நமக்குக் கிடைத்த விதிவிலக்கை, தெருவில் நம்மைப் போலவே நடக்கும் இன்னொருவருக்கு எப்படி விளக்கப்போகிறோம்?