நல்லவனின் தோல்வி: கிரகரி பெக்கின் திரைப்படங்கள் குறித்து

கிரகரி பெக் 2003ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் திகதி தமது 87ஆவது வயதில் காலமானார். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் அமெரிக்கத் திரைப்பட நிறுவகம் அமெரிக்க சினிமாவின் மிகச் சிறந்த நாயகர்களின் பட்டியலொன்றை வெளியிட்டிருந்தது. வாளேந்தியவர்களும் துப்பாக்கி தூக்கியவர்களும் நிறைந்திருந்த அந்தப் பட்டியலில் முதலிடம் பெற்றது பெக் ஏற்று நடித்த அட்டிக்கஸ் ஃபிஞ்ச் என்ற பாத்திரம். அட்டிக்கஸ் ஒரு சிற்றூர்ச் சட்டத்தரணி. தான் வாதாடிய வழக்கில் தோற்றுப் போனவர். அவர் காப்பாற்ற முனைந்த மனிதன் கொல்லப்படுகிறான்.

ஒரு தோல்வியாளன் எவ்வாறு ஒரு தேசத்தின் தலைசிறந்த நாயகனாகிறான் என்ற கேள்வியிலிருந்தே பெக்கின் திரைப்படங்களை அணுக விரும்புகிறேன். பெக்கைப் பற்றி எழுதுவோர் பொதுவாக இரண்டு கருத்துகளைச் சொல்வதுண்டு. ஒன்று, அவர் நேர்மையின் திருவுருவம். மற்றது, அவரது நடிப்பு மரத்தைப் போல் விறைப்பானது. இரண்டுமே அரைகுறையான கணிப்புகள். நல்லவன் வெற்றி பெறும் படங்களில் பெக் பெரும்பாலும் சாதாரண நடிகரே. தன் நல்ல குணம் எதற்கும் போதாது என்பதை நல்லவன் கண்டுகொள்ளும் படங்களில்தான் அவர் பெரும் கலைஞராகிறார். அவரது அந்த அசையாத உடலும் ஆழ்ந்த குரலும் அப்போதுதான் அர்த்தம் பெறுகின்றன. உள்ளே ஏதோ இடிந்து விழுவதை மறைத்துக்கொண்டு நிற்கும் ஒருவனின் அசைவின்மை அது.

பெக் 1916 ஏப்ரல் 5ஆம் திகதி கலிபோர்னியாவின் லா ஹொய்யாவில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட, சில காலம் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தார். பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பயின்று, நியூயோர்க் சென்று நாடகம் கற்றார். முதுகில் ஏற்பட்ட காயத்தினால் இரண்டாம் உலகப் போரில் படையில் சேரும் கடப்பாட்டிலிருந்து அவருக்கு விலக்குக் கிடைத்தது. முன்னணி நடிகர்கள் பலர் போருக்குச் சென்றிருந்த 1944இல் 'டேய்ஸ் ஒஃப் குளோரி' மூலம் திரைக்கு வந்தார். அதே ஆண்டில் வெளியான 'த கீஸ் ஒஃப் த கிங்டம்' படத்தில் சீனாவில் பணிபுரியும் கத்தோலிக்கப் பாதிரியாராக நடித்து முதல் ஒஸ்கார் பரிந்துரையைப் பெற்றார். ஒரேயொரு கலையகத்துக்குத் தன்னை முழுமையாக எழுதிக் கொடுக்காமல் பல கலையகங்களுடன் தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொண்டது, அக்காலத்துப் புதுமுகம் ஒருவருக்கு அபூர்வமான துணிச்சலாகும்.

1947இல் எலியா கஸானின் இயக்கத்தில் வெளிவந்த 'ஜென்டில்மன்ஸ் அக்ரிமென்ட்' பெக்குக்கு நல்லவன் என்ற முத்திரையைக் குத்திய படம். லோரா ஹொப்ஸனின் நாவலைத் தழுவியது. யூத வெறுப்பைப் பற்றி எழுத முனையும் பத்திரிகையாளன் ஒருவன், தானே யூதன் என்று சொல்லிக்கொண்டு சில வாரங்கள் வாழ்ந்து பார்க்கிறான். ஹோட்டல்களின் கதவுகள் மூடப்படுகின்றன. நண்பர்களின் முகங்கள் மாறுகின்றன. அவனது குழந்தை தெருவில் ஏச்சு வாங்குகிறது. வெளிப்படையான வெறியர்களைவிட, 'எனக்கு அப்படியொன்றும் கிடையாது' என்று சொல்லிக்கொண்டே மௌனம் காக்கும் கனவான்கள்தாம் இந்த வெறுப்பைக் கட்டிக் காப்பவர்கள் என்று படம் சொல்கிறது. இந்த இடத்தில் அது இன்றும் கூர்மையானது. சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதும் அதற்குக் கிடைத்தது.

ஆயினும் இந்தப் படத்தில் ஓர் உறுத்தல் உண்டு. ஒரு யூதனின் அவமானத்தை அமெரிக்கர்கள் நம்புவதற்கு, அதனை ஒரு கிறிஸ்தவன் அனுபவித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. கதாநாயகனின் யூத நண்பன் டேவ் கோல்ட்மனாக நடித்தவர் ஜோன் கார்ஃபீல்ட். உண்மையிலேயே யூதரான அவர் அக்காலத்தின் பெரும் நட்சத்திரம். இந்தக் கதைக்காகவே சிறிய பாத்திரமொன்றை ஏற்றார். பெக் எட்டு வாரங்களில் கண்டறிந்து கொதிப்பதை கார்ஃபீல்டின் களைத்த கண்கள் பிறந்ததிலிருந்தே அறிந்து வைத்திருக்கின்றன. உணவகக் காட்சியில் குடிபோதையில் ஒருவன் ஏசும்போது, அவனது சட்டையைப் பிடிக்க எழும் கார்ஃபீல்டின் வேகத்திலுள்ள உண்மை பெக்கின் நீண்ட வசனங்களில் இல்லை. வேடத்தை எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம் என்ற நிம்மதி கதாநாயகனுக்கு உண்டு. டேவுக்கு அது கிடையாது. படமோ இந்த வேறுபாட்டை ஆழமாகக் கிளறாமல் காதலர்களைச் சேர்த்து வைத்து முடிந்துவிடுகிறது.

இயக்குநர் ஹென்றி கிங்குடன் பெக் இணைந்த இரண்டு படங்கள் அவரது நடிப்பின் உச்சங்களில் அடங்குவன. 'டுவெல்வ் ஓ'குளொக் ஹை' (1949) படத்தில் சோர்ந்து போன விமானப் படைப் பிரிவொன்றைக் கண்டிப்பினால் நிமிர்த்தும் தளபதி சவேஜ் அவர். பிறர்மீது செலுத்திய அதே கண்டிப்பு இறுதியில் அவரையே உடைக்கிறது. ஒரு காலையில் குண்டுவீச்சு விமானத்துள் ஏறுவதற்குக் கையைத் தூக்குகிறார். உடல் மறுக்கிறது. அதன் பின்னர் விமானங்கள் திரும்பி வரும்வரை ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியில் உறைந்து போய் அமர்ந்திருக்கிறார். பெக்கின் 'மரத்தன்மை' என்று ஏளனம் செய்யப்பட்டது இக்காட்சியில் என்னவாகிறது என்று பார்க்க வேண்டும்.

'த கன்ஃபைட்டர்' (1950) படத்தில் அவர் ஜிம்மி ரிங்கோ. வேகமாகச் சுடுபவன் என்று பெயர் எடுத்து, அந்தப் பெயராலேயே எங்கும் வாழ முடியாமல் போன மனிதன். பிரிந்த மனைவியையும் மகனையும் ஒருமுறை பார்ப்பதற்காக மதுச்சாலையொன்றில் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறான். படத்தின் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புத்தான். பெயர் எடுக்கத் துடிக்கும் இளைஞன் ஒருவன் முதுகில் சுட்டுவிடுகிறான். சாகும் ரிங்கோ, தானே முதலில் துப்பாக்கியை உருவியதாகச் சொல்கிறான். அந்த இளைஞனைத் தூக்குமேடையிலிருந்து காப்பதற்காக அல்ல, தனக்கு நேர்ந்த அதே வேட்டையாடப்படும் வாழ்வு அவனுக்கும் வாய்க்கட்டும் என்பதற்காக. மன்னிப்புப் போல் தோன்றும் தண்டனை அது. பெக் அந்த வரிகளை எவ்வித ஆவேசமுமின்றி, களைப்போடு சொல்லிவிட்டுச் சாகிறார்.

பெக்குக்கும் நமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ரொபர்ட் பரிஷ் இயக்கி 1954இல் வெளிவந்த 'த பேர்ப்பிள் பிளெய்ன்' இலங்கையில் படமாக்கப்பட்டது. எச். ஈ. பேட்ஸின் நாவலைத் தழுவிய இந்தக் கதை போர்க்கால பர்மாவில் நிகழ்வது. லண்டன் குண்டுவீச்சில் தன் புது மனைவியை இழந்து, சாவைத் தேடிப் பறக்கும் விமானியாக பெக் வருகிறார். பர்மியப் பெண்ணொருத்தி அவருக்கு வாழும் ஆசையைத் திருப்பிக் கொடுக்கிறாள். விமானம் விழுந்த பின்னர் காயமுற்ற தோழனைச் சுமந்துகொண்டு வெயிலில் நடக்கும் காட்சிகளில் பெக்கின் உடலே பேசுகிறது. அந்த வெயில் நமது வெயில். ஆனால் திரையில் நமது நிலம் பர்மா என்ற பெயரில்தான் வருகிறது. மூன்று ஆண்டுகளின் பின்னர் வெளியான 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்திலும் கித்துல்கல வேறொரு நாடாகவே தோன்றியது. பின்னணியாக இருப்பவர்களுக்குச் சொந்தப் பெயர் அவசியமில்லை என்பது அக்காலத்து ஹொலிவூட்டின் எழுதாச் சட்டம்.

1962இல் பெக் இரண்டு சட்டம் சார்ந்த படங்களில் நடித்தார். அவற்றை அடுத்தடுத்துப் பார்ப்பது பயன்தரும். அவரது சொந்தத் தயாரிப்பு நிறுவனம் பங்கேற்ற 'கேப் ஃபியர்' படத்தில் அவர் சட்டத்தரணி சாம் போவ்டன். சிறையிலிருந்து வெளிவந்த மக்ஸ் கேடி என்பவன் பழிவாங்க வருகிறான். குற்றம் நிகழும்வரை சட்டம் அவனை எதுவும் செய்ய முடியாது. போவ்டன் அடியாட்களை அமர்த்துகிறார். முடிவில் தன் குடும்பத்தையே பொறியில் வைக்கும் இரையாக்குகிறார். கேடியாக நடித்த ரொபர்ட் மிச்சம் படத்தை முழுவதுமாகக் கவர்ந்துகொள்ள பெக் இடம் கொடுத்தார். தன் வீட்டுக்கு ஆபத்து வந்தால் சட்டத்தை மதிப்பவனும் எதுவரை போவான் என்பதே இந்தப் படம்.

அதே ஆண்டின் இறுதியில் வெளியான 'டு கில் எ மொக்கிங்பேர்ட்' படத்தின் அட்டிக்கஸ், ஆபத்து பிறனுக்கு வந்தபோதும் சட்டத்தைவிட்டு விலகாதவர். ஹார்ப்பர் லீயின் நாவலை ஹோர்ட்டன் ஃபூட் திரைக்கதையாக்க, ரொபர்ட் மலிகன் இயக்கினார். 1930களின் அலபாமாவில், வெள்ளைப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட டொம் ரொபின்ஸன் என்ற கறுப்பின மனிதனுக்காக அட்டிக்கஸ் வாதாடுகிறார். டொம்மின் இடது கை ஊனமானது என்பதை அவர் நிரூபிக்கிறார். உண்மை அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் வெள்ளையரான ஜூரிகள் குற்றவாளி என்றே தீர்க்கின்றனர்.

பெக்கின் இறுதி வாதத்தைப் பலரும் புகழ்வர். எனக்கு அதைவிட முக்கியமானது அதற்கு முன்னர் டொம் சாட்சியமளிக்கும் காட்சி. புரொக் பீற்றர்ஸ் அதில் நடித்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு ஏன் கூலியின்றி உதவினாய் என்று அரச தரப்பு வழக்கறிஞர் கேட்க, அவள்மீது இரக்கப்பட்டதாக டொம் சொல்கிறான். சொன்ன கணத்திலேயே தான் அழிந்துவிட்டதை அவனது முகம் உணர்கிறது. கறுப்பன் ஒருவன் வெள்ளையர்மீது இரக்கப்படுவதா? அந்த ஊர் அவனைத் தண்டிப்பது செய்யாத குற்றத்துக்காக மட்டுமல்ல, இரக்கப்படும் உரிமையைத் தனக்கும் எடுத்துக்கொண்டதற்காக. இரங்குவது ஆள்பவரின் சலுகை. அதனை டொம் அறியாமல் மீறிவிட்டான்.

தீர்ப்பின் பின்னர் மண்டபம் காலியாகிறது. அட்டிக்கஸ் தன் தாள்களை அடுக்கிக்கொண்டு தனியே வெளியேறுகிறார். மாடியில் ஒதுக்கப்பட்ட இருக்கைகளிலிருந்த கறுப்பின மக்கள் அவருக்கு மரியாதையாக எழுந்து நிற்கின்றனர். கண் கலங்க வைக்கும் காட்சிதான். ஆனால் அந்தக் கணத்தில் டொம் எங்கே? அவனை ஏற்கனவே கொண்டு சென்றுவிட்டார்கள். அவனது மனைவியின் வீட்டுக்குள் அன்றிரவு என்ன நடந்தது என்பதைப் படம் காட்டாது. அவன் தப்பியோட முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டான் என்ற செய்தி மட்டும் நமக்கு வருகிறது. படத்தின் இறுதியில், குழந்தைகளைக் காப்பதற்காகக் கொலை செய்த வெள்ளையரான பூ ராட்லியைக் காப்பாற்ற ஊர் ஷெரிஃப் உண்மையை மறைக்கிறார். அட்டிக்கஸ் தயங்கினாலும் ஈற்றில் இணங்குகிறார். பூவுக்காக வளைந்த சட்டம் டொம்முக்காக வளையவில்லை. இந்த முரணைப் படம் தன் வாயால் சொல்வதில்லை. பார்வையாளன்தான் கண்டெடுக்க வேண்டும்.

இப்பாத்திரத்துக்காக பெக் 1963இல் ஒஸ்கார் விருது பெற்றார். அவருடன் போட்டியிட்டவர்களில் ஒருவர் 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா' படத்தின் பீற்றர் ஓ'டூல். ஒன்றில் கறுப்பினத்தவருக்காகப் பேசும் வெள்ளையர், மற்றதில் அரபிகளை வழிநடத்தும் வெள்ளையர். இரண்டும் மதிக்கத்தக்க கலைப் படைப்புகளே. இரண்டிலும் வரலாற்றின் வலியைச் சுமந்தவர்கள் கதையின் நடுவில் இல்லை.

பெக்கை இதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. திரைக்கு வெளியே அவர் எடுத்த நிலைப்பாடுகள் உறுதியானவை. 1947இல் ஹொலிவூட்டினரை விசாரித்த காங்கிரஸ் குழுவை எதிர்த்தவர்களோடு நின்றார். அதே குழுவின் முன் 1952இல் சக கலைஞர்களின் பெயர்களைக் கூறியவர் எலியா கஸான் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டபோது ஒஸ்கார் அமைப்பின் தலைவராக இருந்த பெக், கிங்கின் நல்லடக்கம் முடியும்வரை விழாவை இரண்டு நாட்கள் ஒத்திவைக்கச் செய்தார். வியட்நாம் போரை எதிர்த்த பாதிரிமார் மீதான வழக்கை 1972இல் திரைப்படமாகத் தயாரித்தார்.

அட்டிக்கஸின் புகழுக்கு 2015இல் ஓர் அதிர்ச்சி நேர்ந்தது. ஹார்ப்பர் லீ முன்னரே எழுதியிருந்த 'கோ செட் எ வொச்மன்' என்ற பிரதி அவ்வாண்டில் நூலாக வந்தது. அதில் முதுமையடைந்த அட்டிக்கஸ் நிறப் பாகுபாட்டை ஆதரிப்போரின் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார். பலர் ஏமாற்றமடைந்தனர். எனக்கு அது பெக்கின் நடிப்பைக் குறைத்துவிடவில்லை. ஒரு நீதிமானின் நெஞ்சுக்கும் எல்லைகள் உண்டு, அவனும் தன் ஊரின் பிள்ளைதான் என்ற உண்மையை அது வெளிப்படையாக்கியது. பெக்கின் தோள்களில் தெரிந்த தளர்வும் ஏறக்குறைய அதையே சொன்னது.

சிறுபான்மையினராக எழுதும் நமக்கு இந்தப் படங்களில் ஒரு பாடம் உண்டு. பெரும்பான்மையினரிடையே நமக்காகப் பேசும் ஓர் அட்டிக்கஸ் வேண்டும் என்று ஏங்குவது இயல்பு. அத்தகையோர் எழுந்தால் நாமும் மாடியில் எழுந்து நின்று மரியாதை செய்வோம். அது நன்றியறிதல். ஆனால் டொம்மின் வீட்டில் அன்றிரவு நடந்ததை அட்டிக்கஸின் மகள் எழுத முடியாது. அது அவனது மனைவியும் பிள்ளைகளும் எழுத வேண்டிய கதை. அவ்வாறு எழுதும்போது அந்தக் கதையில் அட்டிக்கஸுக்கும் ஓர் இடம் இருக்கும், நடுவில் அல்லாமல் அவருக்குரிய இடத்தில்.

பெக்கின் இறுதி நிகழ்வில் அஞ்சலி உரை நிகழ்த்தியவர்களுள் புரொக் பீற்றர்ஸும் ஒருவர். நீதிமன்றத்தில் தனக்காக வாதாடியவரைப் பற்றி, 40 ஆண்டுகளின் பின்னர், டொம் ரொபின்ஸன் எழுந்து பேசினார்.