உஷையின் கனவும் ஒற்றைச் சதங்கையும்

போர் பார்க்க வருகிறவர்கள் விடியப்புறம் வந்தால் போதும். அனுருத்திரன் கூத்தைப் பற்றி இப்படிச் சொல்லி நான் பலரிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன். வாணாசுரனும் கண்ணனும் மோதுகிற இடத்தில் மத்தளக்காரருக்கு வேர்வை கொட்டும், தூங்கிக் கிடந்த பிள்ளைகள் எழும்பி உட்காருவார்கள், எல்லாம் சரி. ஆனால் அந்தக் கூத்தின் உயிர் அதற்கு வெகுநேரம் முன்னரே ஆடி முடிந்துவிடுகிறது. வாணாசுரன் மகள் உஷை கனவு கண்டு விழிக்கிற இடம், பிறகு கனவில் வந்தவனைக் கண்டுபிடிக்கத் தோழி சித்திரலேகை படம் எழுதுகிற இடம். இரண்டையும் பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனாலும் நட்டமில்லை.

இதைக் கேட்டு முதலில் சிரிக்கிறவர் மட்டக்களப்பிலிருந்து வரும் என் நண்பர். அவர் வடமோடிப் பைத்தியம். வீசாணமும் பாய்ச்சலும் இல்லாத ஆட்டம் அவருக்கு ஆட்டமே இல்லை. அனுருத்திரன் மாதிரித் தென்மோடியில் ஆள் நின்று இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருக்கும் என்பார். நின்று பாடுவதற்குத்தான் நான் போகிறேன் என்பேன். வடமோடியில் பிற்பாட்டுக்காரர் பாட்டு முழுவதையும் திரும்ப எடுத்துப் படிப்பார்கள். தென்மோடியில் கடைசித் துண்டை மட்டும் வாங்கித் தருவுக்குள் போய்விடுவார்கள். அந்தச் சின்ன இடைவெளியில்தான் ஒரு பெண்ணின் மனசு நுழைய இடம் கிடைக்கிறது. வடமோடிக் கர்ணனுக்கு அது தேவையில்லை. உஷைக்குத் தேவை.

நான் கூத்துப் பார்த்து வளர்ந்தது திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவை ஒட்டிய ஊர்களில். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதற்கு முன்னர் பட்டணத்தில் இருந்து அந்தப் பக்கம் போவதென்றால் துறைக்குத் துறை பாதைப் படகு ஏற வேண்டும், இல்லாவிட்டால் லோஞ்ச் பிடித்து மூதூரில் இறங்க வேண்டும். போனால் இரவில் திரும்ப வழியில்லை. கூத்துக்குப் போன பட்டணத்துக்காரன் வாழி பாடும்வரை இருந்தே ஆக வேண்டும். பாலம் வந்தது நல்லதுதான், நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும். கூத்துக்குத்தான் கொஞ்சம் நட்டம். இப்போது வருகிறவர்கள் மோட்டார் சைக்கிளைத் திருப்பி நிறுத்திவிட்டு வரவு பார்க்கிறார்கள்.

அந்தக் காலத்தில் உஷையாக ஆடிய ஒருவர் இருந்தார். ஊரில் அவருக்கு உஷைக்காரர் என்றுதான் பெயர். பகலில் வயல், மாரியில் வலையும் போடுவார். தோள் அகலமானவர், குரலும் பெண் குரல் இல்லை, கட்டைக் குரல். வேடம் பிரித்துச் சட்டம் கொடுத்த நாளில் இவருக்கா பெண் கூத்து என்று ஊரே முணுமுணுத்ததாம். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் அசையவில்லை. அரங்கேற்றத்துக்கு முன்னர் மீசையை வழித்துவிட்டு அவர் தெருவால் போனால் இளந்தாரிகள் கேலி பண்ணுவார்கள். களரியில் ஏறிய பிறகு ஒருவரும் வாய் திறந்ததில்லை.

கனவுக் கட்டத்தை அவர் செய்யும் விதம் இது. உஷை கதிரையில் இருந்தபடி தூங்குகிறாள். மத்தளம் நின்றுவிடும். சல்லரி மட்டும், அதுவும் மெல்ல. வட்டக்களரி என்பதால் நாலு பக்கமும் சனம். ஒளிந்துகொள்ள மூலை கிடையாது. கனவில் என்ன நடக்கிறது என்பதை அவர் காட்டவே மாட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை, உடம்பில் நெளிவு இல்லை. வேறு ஊர்களில் அந்த இடத்தில் உதட்டைக் கடிப்பதும் மார்பில் கை வைப்பதுமாக ஒரே அமர்க்களம் பண்ணுவார்கள். இவர் சும்மா தூங்குவார். பிறகு வலது கை மட்டும் தானாக எழும்பி, பக்கத்தில் ஆள் படுத்திருக்க வேண்டிய இடத்தைத் தடவும். ஆள் இல்லை. கை அங்கேயே நிற்கும். அதற்குப் பிறகுதான் கண் திறக்கும்.

எழும்புவார். வலது கால் ஒரு அடி வைக்கும். அந்தக் காலின் சதங்கை பேசும். இடது கால் பின்னால் வராது. சட்டப்படி அடுத்த தட்டுக்கு இடது கால் வந்திருக்க வேண்டும். தாளம் தெரிந்த எவரும் அதற்காகக் காத்திருப்பார்கள். அது கனவிலேயே கிடக்கிறது. ஒரு சதங்கை ஒலிக்க மற்றது ஊமையாக இருக்கும் அந்த நேரத்தில் பெண்கள் பக்கத்தில் வெற்றிலை மெல்லுகிற வாய்கள் நின்றுவிடும். பிறகு அண்ணாவியார் மத்தளத்தில் ஒரே ஒரு தட்டு தட்டுவார். இடது கால் தரையைத் தொடும். தரு தொடங்கும்.

இதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று ஒருமுறை கேட்டேன். “ஆரும் சொல்லித் தரேல்ல தம்பி. ஒரு வருசம் கால் சுளுக்கிப் போச்சு, வைக்க ஏலாமல் நிண்டன். அண்ணாவியார் பார்த்துட்டு, இனி எல்லா வருசமும் இப்பிடித்தான் எண்டார்” என்றார். பாதி பகிடியாகவும் இருக்கலாம். அண்ணாவியார் கெட்டிக்காரர் என்பது மட்டும் உறுதி.

படம் எழுதும் கட்டத்தில் சித்திரலேகைக்குத்தான் வேலை அதிகம் என்று நினைப்பார்கள். தேவரையும் அரசரையும் அவள் ஒவ்வொருவராக எழுதிக் காட்டிக்கொண்டே வர, உஷை இல்லை இல்லை என்று தலையாட்ட வேண்டும். உஷைக்காரர் அதைச் சோம்பலாகத்தான் செய்வார். அந்த ஆண்களைப் பற்றி அவருக்கு அக்கறை கிடையாது. கண்ணன் படம் வந்ததும் முந்தானையை இழுத்துத் தோளில் சரிசெய்வார். முகச்சாடை தெரிந்துவிட்டது, ஆனால் வயது சரியில்லை. அடுத்தது பிரத்தியும்நன். இப்போது பாதி உடம்பு திரும்பும்; மாமனார் ஆகப்போகிறவர் முன்னால் ஒரு பெண் திரும்புகிற அளவு, அவ்வளவுதான். கடைசியில் அனுருத்திரன். எல்லா உஷைகளும் இந்த இடத்தில் நாணிக் கோணித் தலை குனிவார்கள். இவர் திரும்பவே மாட்டார். படத்தை நேருக்கு நேராகப் பார்த்தபடி நிற்பார். நாணம் எல்லாம் முந்தின இரண்டு படத்தோடு செலவாகிவிட்டது, இனி வேண்டியது ஆள்.

சித்திரலேகை படம் எழுதியது வெறும் காற்றில். விரலால் ஒரு கோடு, புருவத்துக்கு ஒரு வளைவு. அண்மையில் ஒரு மேடையில் பார்த்தேன்: பிளைவூட் பலகையில் ஒட்டிய கலண்டர் படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்கள். கண்ணன் ஒரு நகைக்கடைக் கலண்டரில் இருந்து வந்திருந்தார், அடியில் கடையின் பெயரை வெட்டக்கூட இல்லை. சனம் கைதட்டியது.

இந்தக் கதையைத் தேடிப்போனால் எங்கெல்லாமோ கொண்டுபோய் விடும். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலில் இரண்டு நேராக வாணன் நகரத்துத் தெருவுக்கே போகின்றன. அனுருத்திரனைச் சிறை மீட்க மாயவன் ஆடிய குடக்கூத்து ஒன்று. ஆண் பெண் கோலம் பூண்டு ஆடும் பேடு, காமன் ஆடியது, மற்றது. உஷைக்காரர் மீசை வழித்துக்கொண்டு நின்றதற்கு இதைவிடப் பழைய சாட்சி என்ன வேண்டும்! தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூர் பாகவத மேளத்தில் வெங்கடராம சாஸ்திரியின் உஷா பரிணயம் இருக்கிறது. தெலுங்கு, அங்கும் ஆண்களே பெண் வேடம் கட்டுவார்கள். அசாமில் தேஜ்பூர்க்காரர் தங்கள் ஊரே வாணனின் சோணிதபுரம் என்கிறார்கள். ஜோதிப்பிரசாத் அகர்வாலா உஷை கதையை நாடகமாக்கி அங்கே மேடையேற்றினார். இத்தனை பேர் போற்றிய ஒரு கதைக்கு எங்கள் பக்கத்தில் கர்ணனுக்கும் இராவணனுக்கும் உள்ள மவுசில் கால்வாசி இல்லை.

காரணத்தில் ஒரு பங்கு பல்கலைக்கழகத்துக்கு உண்டு. குறையாகச் சொல்லவில்லை. பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் என்று 1960களில் வரிசையாக மேடையேற்றியிராவிட்டால் படித்த சனம் கூத்தைத் திரும்பியே பார்த்திராது. 1962இல் அலங்காரரூபன் நாடகத்தைப் பதிப்பித்ததும் அவர்தான், அது தென்மோடி. ஆனால் மேடையில் பேர் வாங்கியது வடமோடியின் வீரம். விடிய விடிய ஆடியதை மண்டபத்துக்கு ஏற்பச் சுருக்கியபோது அவர் கையில் அளவுகோல் இருந்தது. பின்னால் வந்தவர்கள் கையில் கத்தரிக்கோல் மட்டும். போட்டிக்கு ஒரு மணித்தியாலம் என்றால் முதலில் போவது எது? கனவு. பிறகு படம். வாணாசுரன் கொலு அப்படியே இருக்கும், சண்டை அப்படியே இருக்கும். உஷை கலியாணத்துக்கு வந்து மாலை போட்டுவிட்டுப் போவாள்.

பட்டணத்தில் நவீன நாடகக்காரர் ஒருவர், எனக்கு நெருங்கியவர், இன்னொரு கோணத்தில் சண்டை பிடிப்பார். ஈழத்து மேடையில் பெண்ணின் ஆசை பேசப்பட்டது அவைக்காற்றுக் கலைக்கழகத்தின் ‘ஒரு பாலை வீடு’ நாடகத்தில்தான் என்பார். லோர்காவின் பெர்னார்டா அல்பா, நிர்மலாவின் தமிழ், பாலேந்திராவின் நெறியாள்கை, 1970களின் கடைசி. அந்த நாடகத்தின் பெருமையை நான் மறுக்கவில்லை. லோர்கா அதை 1936இல் எழுதி முடித்த சூட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். மேடையேறியது 1945இல், அதுவும் கடல் கடந்து புவெனஸ் அயர்ஸில். ஐந்து பெண்களைப் பூட்டி வைத்த வீடு, அவர்கள் ஏங்குகிற ஆண் கடைசிவரை மேடைக்கே வருவதில்லை, இளையவள் செத்துப்போகிறாள். எங்கள் கூத்தில் ஆண் கட்டிலோடு வருகிறான், தூங்கினபடி! சித்திரலேகை வாங்கிலை இழுத்துக்கொண்டு களரியைச் சுற்றுவாள், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆசைப்பட்டவள் சாகவில்லை. அப்பன்தான் ஆயிரம் கைகளை இழந்து நிற்கிறான். இதைப் பாய் விரித்து இருந்து பார்த்த பெண்களில் எத்தனை பேர் தாங்கள் கேட்ட மாப்பிள்ளையைக் கட்டியிருப்பார்கள்? என் நண்பர் இதற்குப் பதில் சொல்வதில்லை, பேச்சை மாற்றுவார்.

இந்தத் துறைமுகத்துக்குப் பெண்ணின் மனசைப் பேசும் குரல் புதிதும் அல்ல. மோகனாங்கி நாவலை எழுதிய சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். அதற்கு மூன்று வருடம் முன்னர், 1892இல், அவர் எழுதிய தத்தை விடு தூது ஒரு பெண் கிளியைத் தூது விட்டுத் தன் சிறையைப் பற்றிப் பேசுவது. மோகனாங்கியைத் தெரிந்த அளவுக்கு அதை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது.

பெண் வேடத்தைப் பெண்களே ஆடலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். பல்கலைக்கழக மேடைகளில் பெண்கள் ஆடத் தொடங்கி எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆட்டம் சரியென்றால் யார் ஆடினால் என்ன என்பதுதான் என் கட்சி. உஷைக்காரர் தள்ளாத வயதில் ஒரு ஏ.எல். படிக்கிற பிள்ளைக்குக் கனவுக் கட்டம் பழக்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிள்ளை நன்றாக ஆடும், பரதம் பழகிய கால். அதுதான் சிக்கல்.

“மகள், கால் ஓடுது. கனவு கண்டு எழும்பினவளுக்கு எங்க போக அவசரம்?”

“தாளம் விட்டுப் போயிரும் பெரியையா.”

“போகட்டும். அண்ணாவியார் பிடிப்பார். நீ இடக்காலை விட்டிட்டு வா.”

பிள்ளைக்கு அன்று வரவில்லை. அரங்கேற்றத்தில் வந்தது. கை தடவிய விதம் அவருடையதைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். அவர் ஆள் இல்லாத இடத்தைத் தேடினார், இவள் ஆள் இருந்த சூட்டைத் தேடினாள். ஆனால் இடது கால் நின்ற நேரத்தில் ஒலிவாங்கிக்காரப் பையன் ஏதோ பழுது என்று நினைத்துப் பின்னணிக்கு ஒரு வீணை ஒலிப்பதிவைப் போட்டுவிட்டான். களரியைச் சுற்றி எட்டு ஒலிபெருக்கி. சல்லரி எங்கே கேட்கப்போகிறது!

பெற்றோல்மாக்ஸ் போய் ரியூப் லைற் வந்ததை நான் குறைசொல்ல மாட்டேன். முகம் நன்றாகத் தெரிகிறது. மினுங்கும் நைலோன் முடியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மௌனத்தைக் கண்டு பயப்படுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு நிமிடம் சத்தம் இல்லாவிட்டால் சனம் கைபேசியை எடுத்துவிடும் என்று ஏற்பாட்டாளர்கள் பயப்படுகிறார்கள். எடுக்கட்டுமே. கனவுக் கட்டம் சரியாக அமைந்தால் கீழே வைப்பார்கள்.

ஏடுகளின் கதை வேறு. 2006இல் யுத்தத்தில் சம்பூர்ப் பக்கத்துச் சனம் கையில் அகப்பட்டதோடு ஓடியது. 2015 முதல் காணிகள் திரும்பக் கிடைக்கத் தொடங்கியபோது வீடே இல்லை, கூத்துக் கொப்பிக்கு எங்கே போவது. மத்தளத்தைப் புதிதாகச் செய்யலாம். உடுப்பைத் தைக்கலாம். ஒரு அண்ணாவியார் தன் கையெழுத்தில், ஓரத்தில் எந்தத் தருவுக்கு எந்த ஆட்டம் என்று குறித்து வைத்த கொப்பியை யார் திரும்ப எழுதுவது? மிஞ்சியவை அங்கொன்றும் இங்கொன்றுமாக றங்குப்பெட்டிகளில் கிடக்கின்றன. உடையவர்களும் அவற்றை வெளியே கொடுக்கத் தயங்குகிறார்கள், கொடுத்தது திரும்பி வராத அனுபவம்.

கொடுக்க வேண்டாம். நூலகம் நிறுவனம் போன்றவர்களுக்குச் சொன்னால் மின்வருடி எடுத்துக்கொள்வார்கள், கொப்பி வீட்டிலேயே இருக்கும். ஆனால் கொப்பியில் சொல் மட்டும்தான் உண்டு, மெட்டு இல்லை. கனவுத் தருவை முழுசாகப் பாடத் தெரிந்தவர்கள் கொட்டியாரத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், வெற்றிலை வாங்கிக்கொண்டு போய் முன்னால் இருந்து, கைபேசியிலாவது பதிவு செய்யுங்கள். கனவில் தொடங்குங்கள். போர்ப்பாட்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.