மூச்சைக் கணக்கிட்டு ஆடுங்கள்

‘சீக்வெஸ்ட்’ விளையாட்டை முதன்முறை ஆடுகிறவர்கள் சுடும் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதே இல்லை. சுறா வருகிறது, டார்பிடோ பாய்கிறது, புள்ளி ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் நீர்மூழ்கி வெடித்துவிடுகிறது. 1983இல் அட்டாரி 2600 என்ற வீட்டு வீடியோ விளையாட்டுக் கருவிக்காக ஆக்டிவிஷன் நிறுவனத்தின் ஸ்டீவ் கார்ட்ரைட் உருவாக்கிய இந்த விளையாட்டின் உயிர், திரையின் அடியில் இருக்கும் ஆக்சிஜன் பட்டையில் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

பட்டை தேய்ந்துகொண்டே வரும். மேற்பரப்புக்கு வந்தால்தான் மறுபடி நிரம்பும். ஆனால் கடலுக்குள் நீந்தும் முக்குளிப்போரில் ஒருவரைக்கூட ஏற்றாமல் மேலே வந்தால் ஒரு நீர்மூழ்கி போச்சு. ஆறு பேருக்குக் குறைவாக ஏற்றிவந்தால், நிரப்பிய மூச்சுக்கு விலையாக ஒருவரை இழக்க வேண்டும். ஆறு பேரும் சேர்ந்துவிட்டால் போனஸ் உண்டு. மிச்சமிருக்கும் ஆக்சிஜனுக்கும் சேர்த்து. உள்ளே நான்கு பேர், பட்டையோ பாதிக்கும் கீழே. இன்னும் இருவருக்காகக் காத்திருப்பதா, ஒருவரை விட்டுக்கொடுத்து இப்போதே ஏறுவதா? தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்கள் தினமும் போட்ட கணக்கு இது. என் ரசனையில் அந்தக் காலத்து விளையாட்டுகளில் இதைவிடக் கச்சிதமான விதி இல்லை.

அடுத்து, கடலின் அமைப்பைக் கவனியுங்கள். எல்லாமே கிடைமட்ட அடுக்குகளாக ஓடுகின்றன. காரணம் கருவியில் இருக்கிறது. அட்டாரி 2600இன் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். இன்றைய முறையில் தமிழில் ஐம்பது எழுத்துக்கூட அதற்குள் அடங்காது. முழுத் திரைக்கான படத்தைச் சேமிக்க இடமில்லாததால், தொலைக்காட்சி ஒவ்வொரு கோட்டை வரையும்போதும் அந்தக் கணத்திலேயே நிரல் அதற்கான தகவலைக் கொடுத்தாக வேண்டும். ஒரு கோட்டில் எட்டுப் புள்ளி அகல உருவங்கள் இரண்டுக்குத்தான் இடம். ஆனால் ஓர் உருவத்தை அதே கோட்டில் மூன்று பிரதிகள்வரை காட்டலாம். ஒரே அச்சில் வார்த்ததுபோல மூன்று சுறாக்கள் அணிவகுத்து வருவதன் ரகசியம் அதுதான். இதை அறிந்த பிறகு, அந்தக் கடலின் நெரிசல் எனக்கு இன்னும் பெரிய வித்தையாகத் தெரிகிறது.

நான் வசிக்கும் டிரெஸ்டனில் ‘சீக்வெஸ்ட்’டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நல்ல துணை உண்டு. கிழக்கு ஜெர்மனியாக இருந்த காலத்தில் இந்த எல்பே பள்ளத்தாக்குக்கு மேற்கத்தியத் தொலைக்காட்சி அலைகள்கூட ஒழுங்காக எட்டவில்லை. இங்கிருந்த ரோபோட்ரான் ஆலை 1984இல் இசட் 9001 என்ற வீட்டுக் கணிப்பொறியைக் கொண்டுவந்தது. பின்னாளில் அதன் பெயர் கேசி 87. அதன் திரை 40 பத்தி, 24 வரிசை கொண்ட எழுத்துக் கட்டங்கள். அதில் ஓர் உருவம் நகர்ந்தால் கட்டம் விட்டுக் கட்டம் தாவும். இரண்டு கருவிகளையும் இன்றைய கணினியில் பாவனை செய்யும் எமுலேட்டர்கள் கிடைக்கின்றன. கேசி 87இல் சற்று ஆடிவிட்டு ‘சீக்வெஸ்ட்’டுக்கு வந்தால், நீர்மூழ்கியின் வழுக்கலான ஓட்டம் கண்ணுக்கு விருந்தாகும். நகரின் ஸ்ட்ரீசன் பகுதியில் பழைய எர்னெமான் கேமரா ஆலையில் இயங்கும் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். ரோபோட்ரான் வரலாறு அங்கே பத்திரமாக இருக்கிறது.

‘சீக்வெஸ்ட்’டை இயந்திரமும் ஆடிப் பார்த்திருக்கிறது. 2013இல் லண்டனின் டீப்மைண்ட் ஆய்வாளர்கள், திரையைப் பார்த்தே அட்டாரி விளையாட்டுகளைக் கற்கும் செயற்கை நுண்ணறிவைப் பரிசோதித்தபோது எடுத்துக்கொண்ட ஏழில் ‘சீக்வெஸ்ட்’டும் ஒன்று. மனிதரை எட்ட முடியாமல் அது பின்தங்கிய ஆட்டங்களில் இதுவும் இருந்தது. நீண்ட நேரத்துக்கு முன்யோசனை தேவைப்படுவதே காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

குறி ஒன்று வேண்டுமென்றால் 50,000 புள்ளிகளை வைத்துக்கொள்ளுங்கள். அந்நாளில் அத்தனை எடுத்துத் திரையைப் படம்பிடித்து அனுப்பியவர்களுக்கு ஆக்டிவிஷன் ‘சப் ரெஸ்க்யூ கிளப்’ என்ற துணிச் சின்னத்தை அனுப்பிவைத்தது. முதல் சில ஆட்டங்களிலாவது புள்ளியை மறந்து, ஆறு பேரையும் ஒரே மூச்சில் மேலே கொண்டுவர மட்டும் முயலுங்கள்.